கண்ணுக்கு ஒரு வண்டி, அலைக்கு ஒரு வண்டி: வாசகர் கேள்வி – பதில்

ரேடியோ அலை சாலையில் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்களுக்கு வண்டிகளின் முப்பரிமாண மாடல் வேண்டியிருக்கிறது, சத்துவாச்சாரியில் எங்கள் டிராயிங் ஆபீஸில் அந்த வேலையும் நடக்கிறது என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, கொடுத்த பக்கத்துக்குள் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இன்டர்நெட்டில் அழகழகான கார் மாடல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி அப்படியே சிமுலேஷனில் போட்டால் ஆகாதா? "தயார் செய்வது" என்று தனியாக என்ன இருக்கிறது?
– பொறியியல் மாணவர், காட்பாடி

போடலாம். ராத்திரி முழுக்க ஓடும், காலையில் தப்பான விடை வரும்.

அந்த மாடல்கள் எல்லாம் விளையாட்டுக்கும் விளம்பரத்துக்கும் செய்தவை. ஒன்றைத் திறந்து பாருங்கள். சீட்டில் தையல் இருக்கும், ஹெட்லைட்டுக்குள் பல்பு இருக்கும், டிக்கியில் கம்பெனி பெயர் எழுத்தெழுத்தாகப் புடைத்து நிற்கும். மாடலின் பரப்பெல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, அவை லட்சக்கணக்கில். வண்டிக்கு வண்டி பேசும் தொழில்நுட்பம் 5.9 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 30ஐ கிகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் சென்டிமீட்டரில் வந்துவிடும். இங்கே 5 சென்டிமீட்டர் சொச்சம். நேராக வந்து விழும் அலைக்கு, அதில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவான மேடுபள்ளம் வழவழப்புக்குச் சமம் என்பது இயற்பியலாளர் ராலே வகுத்த கணக்கு. அதாவது 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் எழுத்து, ஸ்க்ரூ, பட்டி போட்ட தடம் எதுவும் இந்த அலைக்குத் தெரியாது. முதல் வேலை அவற்றைக் கழிப்பது.

இது சுலபமான பாதி. கண் கவலைப்படாத சில விஷயங்கள் அலைக் கணக்குக்கு ரொம்ப முக்கியம், அங்கேதான் நேரம் போகும். கதவும் பாடியும் ஒட்டியிருப்பது போலத் தெரியும், பெரிதாக்கினால் நடுவில் இடைவெளி. ஒரே தகடு இரண்டு அடுக்காக இருக்கும், வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவே 0.7 மில்லிமீட்டர். நிஜ வண்டியில் அப்படித்தான், தகட்டுக்குத் தடிமன் உண்டே என்பீர்கள். ஆனால் இந்த அலைவரிசையில் அலை இரும்புக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இறங்கும். தடிமன் இல்லாத ஒற்றைப் பரப்பே போதும். இந்தக் கணக்கு அலையைக் கதிர்களாக்கி ஒவ்வொன்றையும் பின்தொடர்கிறது, ரே டிரேசிங் என்பார்கள். இரண்டு அடுக்கையும் விட்டுவைத்தால், இடைவெளி வழியாக உள்ளே நுழைந்த கதிர் இரண்டு தகட்டுக்கும் நடுவில் மாறி மாறி மோதிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை எதிரொலிக்கலாம் என்று நீங்கள் அனுமதித்தீர்களோ அத்தனையும் அங்கேயே தீர்ந்துபோகும்.

முப்பரிமாண மாடல் செய்யும் ப்ளெண்டர் மென்பொருளில் ஃபேஸ் ஓரியன்டேஷன் என்று ஒரு பார்வை இருக்கிறது. பரப்பின் உள்பக்கம் சிவப்பாகத் தெரியும். இறக்கிய மாடலில் அதைப் போட்டுப் பாருங்கள். பானெட் சரியாக இருக்கும், இடது கதவு சிவப்பு, கூரை பாதிக்குப் பாதி என்று வரும். வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பே இல்லை என்று ஆகும்வரை திருப்ப வேண்டும். பிறகு மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் கொடுத்து ஒட்டாத புள்ளிகளை ஒட்டுங்கள். ஸ்கேலை அப்ளை செய்யுங்கள்.

ஸ்கேல் என்றதும் ஒன்று. முப்பரிமாண மாடலைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலில் அலகு என்பதே எழுதப்படுவதில்லை, வெறும் எண்கள்தான். மில்லிமீட்டரில் 4000 என்று எழுதிய காரை மீட்டராகப் படித்தால் 4 கிலோமீட்டர் கார். பாலாற்றுக்குக் குறுக்கே வைத்தால் இரண்டு கரையையும் தாண்டி நிற்கும். மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காது. எந்த மாடல் கைக்கு வந்தாலும் முதலில் பம்பருக்குப் பம்பர் அளந்து பார்ப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

இலவச மாடலாக இருந்தாலும் உரிம வாசகத்தைப் படித்துவிட்டு இறக்குங்கள். எல்லா இலவசமும் எல்லா வேலைக்கும் இல்லை.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வண்டியை ஒரு பெட்டியாக வைத்தால் போதாதா?
– கல்லூரி விரிவுரையாளர், ராணிப்பேட்டை

பல வேலைகளுக்குப் போதும் சார், நான் பெட்டியின் பக்கம்தான். மொபைல் தரங்களை வகுக்கும் த்ரீஜிபிபி அமைப்பே தன் 37.885 அறிக்கையில் பெட்டிதான் வைத்திருக்கிறது. கார் என்றால் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். லாரி, பஸ் என்றால் 13 மீட்டர், 2.6 மீட்டர், 3 மீட்டர். இதில் யோசித்து வைத்த விஷயம் ஆன்டெனாவின் உயரம். காரிலேயே இரண்டு வகை, ஒன்றில் 0.75 மீட்டரில் பம்பர் மட்டத்தில், மற்றதில் 1.6 மீட்டரில் கூரை மேல்.

தேசிய நெடுஞ்சாலை 48ல் பள்ளிகொண்டாவிலிருந்து வாலாஜா வரை நூற்றுக்கணக்கான வண்டிகளை ஓடவிட்டு, எது எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பெட்டிக்கு மேல் ஒரு முக்கோணம் சேர்ப்பதும் வீண். 100 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு கார்களுக்கு நடுவே 5.9 கிகாஹெர்ட்ஸ் அலை பாதிவழியில் சுற்றுமுற்றும் 1.1 மீட்டர் ஆரத்துக்கு இடம் கேட்கும். அந்த இடத்தில் ஒரு லாரி புகுந்தால், அதன் பம்பர் என்ன வடிவம் என்பதா பிரச்சினை?

ஆன்டெனாவை வண்டிக்குள் வைக்கப்போகிறீர்கள், அல்லது ரேடார் ஒரு வண்டியை எப்படிப் பார்க்கிறது என்று கேட்கிறீர்கள் என்றால், அப்போது பெட்டி உதவாது.

காருக்கு எத்தனை முக்கோணம் வைக்கலாம்? எங்கள் கைடு "குறை குறை" என்கிறார். குறைத்தால் கூரை பட்டை பட்டையாகிவிடுகிறது.
– எம்.இ. மாணவி, வேலூர்

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள் அம்மா, விலகலைக் கேளுங்கள். வளைந்த கூரைமேல் ஒரு தட்டையான துண்டை வைத்தால் நடுவில் எவ்வளவு விலகுகிறது? துண்டின் நீளத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். கூரையின் ஆரம் 3 மீட்டர், துண்டு 20 சென்டிமீட்டர் என்றால் விலகல் 1.7 மில்லிமீட்டர். 5.9 கிகாஹெர்ட்ஸுக்கு அது அலைநீளத்தில் முப்பதில் ஒரு பங்கு, தாராளமாகப் போதும். அதே கூரையை 77 கிகாஹெர்ட்ஸ் கார் ரேடாருக்கு வைத்தால் அலைநீளமே 3.9 மில்லிமீட்டர்தான். அந்தத் துண்டு உதவாது, அதே முப்பதில் ஒரு பங்குக்கு 5.5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். ஆக ஒரே காருக்கு ஒரே மாடல் என்று வைத்துக்கொள்ள முடியாது. எந்த அலைவரிசைக்கு என்று ஃபைலின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

கைடு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. விளிம்பில் அலை வளைவதையும் கணக்கில் எடுக்கும்படி வைத்திருந்தால், ஒன்றோடொன்று லேசாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு முக்கோணங்களுக்கு நடுவில் உள்ள கோட்டையும் மென்பொருள் விளிம்பு என்றே எடுத்துக்கொள்ளும். நிஜக் காரில் கூரை ஓரம், பானெட் ஓரம், கதவுக் கீழ்ப்பக்கம் என்று விரல்விட்டு எண்ணும் விளிம்புகள்தான். மாடலில் ஆயிரக்கணக்கான பொய் விளிம்புகள் முளைத்துவிடும். ப்ளெண்டரில் முக்கோணங்களைக் குறைக்கும் டெசிமேட் கருவியில் பிளேனர் வகையைத் தேர்ந்தெடுத்துத் தட்டையான இடங்களை ஒன்றாக்குங்கள். வளைவான இடத்தை அது கண்டபடி வெட்டினால் அந்தப் பகுதியைக் கையாலேயே மறுபடி போடுங்கள். நான் கார் கூரைக்கு டெசிமேட்டை நம்புவதில்லை.

தட்டைத் துண்டுகளால் ஆன வளைவில் இன்னொரு சிக்கல் உண்டு, கடைசிக் கேள்வியில் வருகிறது.

5.9 கிகாஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட். முன்கண்ணாடிக்கு ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பி.2040 பரிந்துரையில் உள்ள மதிப்பைத்தான் கொடுத்தேன். ஆனால் காருக்குள் நாங்கள் அளந்ததைவிட சிமுலேஷன் அதிக சக்தி காட்டுகிறது. மதிப்பு தவறா?
– ஆராய்ச்சி மாணவர், காட்பாடி

மதிப்பு சரிதான். தடிமனைப் பாருங்கள்.

பி.2040 கண்ணாடிக்கு மின்காப்பு மாறிலி, அதாவது ஒரு பொருளுக்குள் அலை எவ்வளவு மந்தமாகும் என்று காட்டும் எண், 6.31 என்கிறது. முடிவே இல்லாத தடிமனுள்ள கண்ணாடிமேல் அலை நேராக விழுந்தால் 18 சதவீதம் சொச்சம் சக்தி திரும்பும். உங்கள் மென்பொருள் ஒற்றைப் பரப்பை இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். நிஜ முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, மொத்தம் 5 மில்லிமீட்டர் அளவில் வரும். கண்ணாடிக்குள் போனதும் அலைநீளம் அந்த மாறிலியின் வர்க்கமூலமான 2.5 மடங்கு சுருங்குகிறது. 5 சென்டிமீட்டர் சொச்சம் என்பது 2 சென்டிமீட்டராகிறது. அதில் சரியாகக் கால் பங்கு 5 மில்லிமீட்டர்! முன்பக்கத்தில் திரும்பும் அலையும் பின்பக்கத்தில் திரும்பும் அலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. கணக்குப் போட்டால் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், வெளியிலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே வருவது பாதிக்கும் குறைவு.

நடுப்படலத்தைத் தனியாகப் பார்க்காமல் ஒரே கட்டிக் கண்ணாடியாக வைத்துச் சொன்னது இது. முன்கண்ணாடி படுத்திருப்பதால் அலை நேராகவும் விழாது, எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் உங்கள் வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கக் கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் என்றால் சுமார் 44 சதவீதம் திரும்பும். அதனால் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி இரண்டையும் ஒரே பொருளாக வைக்காதீர்கள், தனித்தனிப் பெயர், தனித்தனி தடிமன். மெஷ்ஷில் (முக்கோண வலையில்) இங்கேயும் ஒற்றைப் பரப்புதான் வரையவேண்டும். தடிமனை எண்ணாகக் கொடுங்கள். இரண்டு பரப்பும் வரைந்து தடிமனும் கொடுத்தால் இரண்டு கண்ணாடி மாட்டிய காராகிவிடும்.

77 கிகாஹெர்ட்ஸுக்கு இதே கண்ணாடியை வைத்துக் கணக்குப் போடப்போகிறீர்களா? அங்கே 0.4 மில்லிமீட்டர் தடிமன் மாறினாலே, அதிகம் திரும்பும் நிலையிலிருந்து ஏறக்குறைய எதுவும் திரும்பாத நிலைக்குப் போய்விடும். அட்டவணையை நம்பாமல் கண்ணாடியை மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். டோல்கேட்டில் சில நேரம் ஃபாஸ்டேக் எடுப்பதில்லை. "உங்கள் கண்ணாடி அப்படி" என்கிறார் ஸ்டிக்கர் கடைக்காரர். கண்ணாடியில் என்ன இருக்கிறது அண்ணே?
– ஓட்டுநர், குடியாத்தம்

கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம் தம்பி. ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையில் வேலை செய்கிறது, அலைநீளம் 35 சென்டிமீட்டருக்குப் பக்கம். அந்த அலைக்குச் சாதாரண 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை, ஐந்து சதவீதம்தான் திரும்பும். ஆனால் வெயில் சூட்டைத் தடுக்கச் சில கார்களின் முன்கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது அலைக்குத் தகடு மாதிரி. ஸ்டிக்கரில் பேட்டரியும் கிடையாது, மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் சக்தியில்தான் அது உயிர் பெற்றுப் பதில் சொல்கிறது. போகும்போதும் நஷ்டம், வரும்போதும் நஷ்டம். இப்படிப்பட்ட முன்கண்ணாடியில், பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாமல் ஓர் இடம் விட்டிருப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், அந்த இடத்தில் ஒட்டுங்கள். உலோகம் கலந்த சன் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

மாடல் செய்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பூச்சுள்ள கண்ணாடியை உலோகமாக வைத்து, அந்தச் சின்ன இடத்தை மட்டும் வெட்டித் தனிக் கண்ணாடியாக வையுங்கள்.

எங்கள் ஊர்ச் சாலையை மாடல் செய்கிறோம். கார் மாடல் எங்கும் கிடைக்கிறது, ஆட்டோவும் கன்டெய்னர் லாரியும் சரியாகக் கிடைக்கவில்லை. எப்படிச் செய்வது?
– மாணவர் குழு, வாணியம்பாடி

நல்ல கேள்வி. வெளிநாட்டுச் சாலையை அப்படியே தூக்கிவந்து வைத்துவிட்டு "இந்தியப் போக்குவரத்து" என்று தலைப்புப் போடுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆட்டோவில் தகடு எங்கே இருக்கிறது என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள். முன்பக்கக் கவசம், தரை, பின்பக்க இன்ஜின் பெட்டி, அவ்வளவுதான். கூரை ரெக்சின், பக்கம் திறப்பு. காய்ந்த ரெக்சின் வழியாக 5.9 கிகாஹெர்ட்ஸ் அலை பெரிய தடையில்லாமல் போய்விடும், அதனால் கூரையை உலோகமாக வைத்தால் வேறு ஏதோ வண்டியாகிவிடும். மழையில் நனைந்து நீர் தேங்கிய கூரை வேறு கணக்கு. நீரின் மின்காப்பு மாறிலி இந்த அலைவரிசையில் 70க்கு மேல். கூரையைத் தாங்கும் குழாய்கள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன், அலைநீளத்தில் பாதி. ரே டிரேசிங்குக்கு அந்த அளவு பொருள்களை ஒழுங்காகக் கையாளத் தெரியாது. நான் குழாய்களை விட்டுவிடுவேன்.

விடக்கூடாதது ஆட்கள். நம் பக்கத்து ஷேர் ஆட்டோவில் ஆளில்லாமல் மாடல் செய்தால் அதற்கு அர்த்தமே இல்லை. மனிதத் தசைக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் மின்காப்பு மாறிலி சுமார் 48, அலை உள்ளே சில மில்லிமீட்டரிலேயே தேய்ந்துவிடும். தலையும் உடம்புமாக இரண்டு பெட்டி வைத்தால் ஓர் ஆள். மூக்கு, விரல் எல்லாம் வேண்டாம்.

கன்டெய்னர் லாரி உங்களுக்குத்தான் தினமும் கண்ணெதிரே. ஆம்பூரிலிருந்தும் உங்கள் ஊரிலிருந்தும் தோல் பொருள் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறதே, அதன் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம். 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அலைக்கு, 43 சென்டிமீட்டர் நீளம் அது, இந்தச் சுவர் தட்டைதான். 5.9 கிகாஹெர்ட்ஸில் மடிப்பின் ஆழம் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சீரான இடைவெளியில் இருப்பதால் அலை நேர் எதிரொலிப்போடு நில்லாமல் குறிப்பிட்ட சில பக்கத் திசைகளிலும் கிளம்பும். தட்டைச் சுவராக வைத்தால் அந்தத் திசைகள் எல்லாம் காணாமல் போகும். ஆனால் மடிப்புகளை வரைந்துவிட்டால் மட்டும் சாதாரண ரே டிரேசிங் அதைக் கொடுத்துவிடாது, ஒவ்வொரு மடிப்பையும் முகம் பார்க்கும் தனிக் கண்ணாடி போலத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு கன்டெய்னர்தான் ஆராய்ச்சி என்றால் மடிப்புகளை அப்படியே வரைந்து, கதிராக்காமல் அலையையே முழுதாகக் கணக்கிடும் முழு அலைத் தீர்வு மென்பொருளில் ஓட்டுங்கள். சாலை முழுக்க வேண்டுமென்றால் தட்டைச் சுவர் வைத்து, சிதறல் என்ற மதிப்பைக் கூட்டிவிடுங்கள். இரண்டாவது வழி தோராயம்தான், ஆனால் முடியக்கூடிய தோராயம்.

சுமோவில் ஓட்டிய வண்டிகளை ரே டிரேசிங்கில் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன.
– மென்பொருள் ஊழியர், வாலாஜாபேட்டை

(டாடா சுமோ என்று நினைத்துவிட வேண்டாம், ஜெர்மனியில் தொடங்கிய போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள்.) சுமோ கொடுக்கும் இடம் வண்டியின் முன் பம்பரின் நடு. உங்கள் மாடலின் மூலப்புள்ளி வண்டியின் நடுவில் இருக்கும். பாதி நீளம் பின்னால் தள்ளுங்கள். கார் 2 மீட்டர் தள்ளும், லாரி 6 மீட்டருக்கு மேல் தள்ளும், அதனால்தான் கலந்து ஓடும்போது முட்டுகிறது. கோணமும் வேறு. அதில் வடக்கு 0, கடிகாரத் திசையில் கூடும். கணித வழக்கப்படி கிழக்கு 0 என்று வைத்திருந்தால் 90லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. இந்த மாடல் வேலை கற்றால் பிழைப்புக்கு உதவுமா?
– ஒரு தந்தை, ஆரணி

மாடல் வேலை மட்டும் என்றால் சொற்பம். ஆன்டெனாவும் அலைப் பரவலும் தெரிந்தவருக்கு மாடல் வேலையும் கைவந்தால் நல்ல மதிப்பு உண்டு. வெறும் ப்ளெண்டர் தெரிந்தவர்களும் நிறைய, மின்காந்த அலைக்கு அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடு மட்டும் தெரிந்தவர்களும் நிறைய. ப்ளெண்டருக்குக் காசு கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று. விடை சரியா என்று காரை நிஜமாக அளக்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– எம்.இ. மாணவி, வேலூர் (முக்கோணம் கேட்ட அதே வாசகி)

காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சிமுலேஷனில் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். அரை மீட்டர் ஆரமுள்ள உலோகப் பந்து, மையம் 10 மீட்டர் தூரத்தில். அலையை அனுப்புவதும் வாங்குவதும் ஒரே இடத்தில். பந்தின் முன்பக்கம் இருக்கும் இடத்தில் தட்டையான உலோகச் சுவர் இருந்தால் எவ்வளவு திரும்புமோ, அதில் 400ல் ஒரு பங்குதான் பந்திலிருந்து திரும்ப வேண்டும். ஆரத்தைத் தூரத்தால் வகுத்து வர்க்கம் எடுத்த எண் அது. டெசிபலில் 26 குறைவு.

இப்போது பந்தை முக்கோணங்களாக்கி ஓட்டுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எந்த முக்கோணமும் சரியான கோணத்தில் இல்லாமல் எதுவுமே திரும்பாது, அல்லது ஒரு முக்கோணம் நேராக அமைந்து, முழுச் சுவரே நிற்பது போல 400 மடங்கு அதிகம் திரும்பும். அந்த முக்கோணம் கையகலம்தான் என்பது கணக்குக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். முக்கோணங்களைக் கூட்டினாலும் இது தீராது. வளைவைத் தனியாகக் கணக்கில் எடுக்கும் மென்பொருளுக்கோ, ஒவ்வொரு துண்டின் அளவையும் பார்க்கும் பிசிக்கல் ஆப்டிக்ஸ் முறைக்கோ மாற வேண்டும். பந்துக்கு 26 டெசிபல் குறைவு என்று வருகிறதா? அப்புறம் பானெட்டையும் கூரையையும் நம்பலாம். வரவில்லை என்றால் காரின் தட்டையான பக்கங்கள், அதாவது கதவும் லாரியின் பின்சுவரும், தரும் விடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடார், அதன்மேல் அடிக்கும் மெட்டாலிக் பெயின்ட் பற்றி ஆம்பூரிலிருந்து வந்த நீண்ட கடிதத்துக்கு அடுத்த இதழில்.